ஸ்டோரில் நடுச்சாமச் சோறு

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் நான் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்த காலம், எழுபதுகளின் கடைசி. ஒரு நாள் காலை ஏலக்காய் உலரும் தட்டை வெளியே இழுத்தேன். காய் பச்சையாக இல்லை, வெளிறிக் கிடந்தது. அந்த மாதத்தில் இப்படி ஆவது முதல் தடவையும் இல்லை.

இந்தத் தொழில் தெரியாத இளையவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்டோர் என்றால் குடோன் இல்லை, பறித்த ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு குழாய் வழியாக உள்ளே ஓடும். அடுக்கடுக்கான தட்டுகளில் காய் காயும். ராத்திரி முழுக்கச் சூடு ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் தணியவிட்டு, பிறகு பதறிப்போய் விறகை அள்ளிப் போட்டால் கலர் போச்சு. கலர் போன காயைப் போடி வியாபாரிகள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

ராத்திரி அடுப்புக்கு மாயாண்டி அண்ணன். மலைக்குக் கீழே ராசிங்காபுரத்துக்காரர். ஆள்தான் வாட்டசாட்டம், மனசு பச்சைப் பிள்ளை. குடி கிடையாது. ஆனாலும் விடிவதற்கு முன்னால் விறகுக் கட்டையில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை காய் வெளுத்துச்சுன்னா அந்தாளைக் கீழ அனுப்பிருவேன். நீ சிபாரிசுக்கு வந்து நிக்காதே."

மாயாண்டி அண்ணனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். வேலை போனால் தோட்டத்தில் குடியிருக்கக் கொடுத்த லயன் வீடும் போய்விடும். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் அழுதேவிட்டார்.

"நான் என்னப்பு செய்ய? கண்ணைக் கசக்குறேன், மூஞ்சியக் கழுவுறேன். எவனோ மேல ஏறி உக்காந்து அமுக்குற மாதிரில்ல வருது!"

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். பகலில் நன்றாகத் தூங்கச் சொன்னேன். கடுங்காப்பியை இரண்டு மடங்காக்கினேன். குறட்டைச் சத்தம்தான் கூடியது.

கடைசியில் வழி காட்டியது ஒரு யானை. சிரிக்காதீர்கள். ராத்திரி வேலைக்காரர்களுக்கு நடுச்சாமச் சோறு என்று எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேன்டீனில் சமைக்கும் பேச்சியக்கா தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்து விடுவார். சோறு என்றால் சாதாரணச் சோறா, அம்பாரம்! அன்றைக்குப் பாதையில் யானை நின்றுவிட்டதால் சட்டி வந்து சேரவில்லை. நானும் ஸ்டோரில்தான் இருந்தேன். என் பையில் கிடந்த வறுகடலையும் கடுங்காப்பியும்தான் அவருக்குக் கிடைத்தது. மாயாண்டி அண்ணன் அந்த யானையின் பரம்பரையையே விடியவிடியத் திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே விறகும் போட்டார். காலையில் தட்டை இழுத்தால், காய் கிளிப்பச்சை!

"தூக்கம் வரலியாண்ணே?"

"வந்துச்சு, வராம என்ன. ஆனா அந்த அமுக்கு இல்ல. எப்பவும் புளிச்சுப் புளிச்சு மேல வருமே, அந்த நெஞ்செரிச்சலும் இல்ல."

எனக்குப் பொறி தட்டியது. அவரை அமுக்குவது அந்த நடுச்சாமச் சோறுதான். ஆள் விழித்திருந்தாலும் வயிறு தூங்கப் போய்விடுகிறது! உடம்புக்குள்ளேயே பகல் ராத்திரி தெரிந்த ஒரு கடிகாரம் ஓடுகிறது, ராத்திரியில் செரிமானம் மந்தமாகும், அந்த நேரம் பார்த்து மூக்குப்பிடிக்கத் தின்றால் அசதி இன்னும் கூடும் என்றெல்லாம் ஒரு டாக்டர் எனக்கு விளக்கியது எண்பதுகளில். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது தட்டில் கிடந்த பச்சைக் காய் மட்டும்தான்.

நடுச்சாமச் சோற்றை நிறுத்தலாம் என்று சொன்னேனோ இல்லையோ, ஸ்டோரே கொதித்துவிட்டது.

"இன்னைக்குச் சோத்துல கை வைப்பீக, நாளைக்குக் கூலியிலயா?" என்று முதல் ஆளாகச் சண்டைக்கு வந்தவர் யார் தெரியுமா? மாயாண்டி அண்ணன்! யாருக்காக மல்லுக்கட்டுகிறேனோ அவரே இப்படிப் பேசினால் எனக்கு எப்படி இருக்கும்? போங்கய்யா என்று விட்டுவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

பேச்சியக்காதான் குறுக்கே வந்தார். "சோத்தை யாரு நிறுத்தச் சொன்னா? அதே அளவு, அதே குழம்பு, பொழுது சாயுமுன்ன போடுறேன். தின்னுட்டு சோலிக்குப் போங்க. நடுச்சாமத்துல தீனி அடுப்புக்கு மட்டுந்தேன். ரொம்பப் பசிச்சா கஞ்சித்தண்ணி கொடுத்து விடுறேன். காலையில ரெண்டு இட்லியத் தின்னுட்டு வெரசாப் படுங்க."

அளவு குறையாது என்றதும் மாயாண்டி அண்ணன் இறங்கி வந்தார். "கருவாடு உண்டுல்ல?" என்று மட்டும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

அடுத்த லோடு காயைத் தட்டுகளில் ஏற்றிய மறுநாள், விடிந்தும் விடியாமலும் மேனேஜர் வந்துவிட்டார். கூடவே புது அடுப்புக்காரன் ஒருவன். மாயாண்டி அண்ணன் கண் சிவந்துபோய், விறகுக் கட்டையைக் கையில் பிடித்தபடி அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் மேல்தட்டை இழுத்தார், அடித்தட்டை இழுத்தார், ஒரு காயைப் பிட்டு முகர்ந்தார். எல்லாம் பச்சை. கூட்டி வந்தவனைப் பார்த்து, "நீ போய் விறகு வெட்டு" என்றார். மாயாண்டி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு பல தோட்டங்களில் ராத்திரி ஆட்களை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன். வேலையில் தூங்கினான் என்று எவனையாவது கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினால், "ஏன் தூங்கினே?" என்று நான் கேட்டதே இல்லை. "எப்பப்பா சாப்பிட்டே?" என்றுதான் கேட்பேன். அப்படிக் கேட்கப் பழகியதால் ஒருவனையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டி வரவில்லை.