மெயின் ரோட்டில் ஒரு படங்கு நெல்

எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். என் பெற்றோர் எனக்குத் தந்த சீதன வீடு, கல்முனைக்குப் போகும் மெயின் ரோட்டுக்கு முகம் வைத்த வீடு. கல்யாணம் பேசியபோது அதைத்தான் முதலில் சொன்னார்களாம், "வாசல்ல நிண்டு பஸ் ஏறலாம்" என்று. மாப்பிள்ளை வீட்டாருக்கு அது பிடித்துப் போனது. என் கணவர் திருக்கோவில் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்.

அப்போது அந்த ரோட்டில் ஓடியது அரசாங்க பஸ் மட்டும்தான். அது நிந்தவூரைத் தாண்டிவிட்டது என்று யாராவது சொன்னால், உலை வைத்துச் சோறு வடித்துவிட்டுப் போய் ஏறலாம் என்று எங்கள் வீட்டில் பகிடி பண்ணுவோம். பிறகு சூறாவளி வந்து ரோட்டோரத்து நிழல் மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பின்வந்த காலத்தில்தான் தனியார் வேன்கள் ஓடத் தொடங்கின. மரங்கள் இல்லாத ரோட்டு எங்கள் வாசலில் நின்று பார்த்தால் இரு பக்கமும் வெறுமையாக, நேராகத் தெரியும். அந்த நேர் ரோட்டைக் கண்டால் வேன்காரர்களுக்குக் கால் சும்மா இருக்காது. முன்னால் போகிறவன் ஆளை ஏற்றிவிடுவான் என்று பின்னால் வருகிறவன் விரட்டுவான்.

என் மகள் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருடம் அது. எங்கள் வீடு கடல் பக்கம். பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் புறம், வயல் பக்கம். என் வாசலில் நின்றால் பள்ளிக்கூட வாசல் தெரியும். கல்முனை வேன்கள் ஆள் ஏற்றுகிற தரிப்பிடமும் அந்த வாசலிலேயே இருந்தது.

பள்ளிக்கூடம் தொடங்கிய மாதத்திலேயே, நெசவுத்தறி வீட்டுப் பிள்ளை ஒன்று அந்த இடத்தில் மௌத்தாகிப் போனது. நின்ற வேனின் முன்னால் நடந்து கடந்திருக்கிறது. நின்ற வேனை முந்திக்கொண்டு வந்த மற்ற வேன் பிள்ளையைக் காணவில்லை. என் மகளின் வகுப்புத்தான். இருவரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள்.

ஜனாஸா அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டைக் கடந்துதான் அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனது. பெண்கள் நாங்கள் வேலிக்குள் நின்றோம். ரோட்டின் இரண்டு பக்கமும் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எஞ்சின் சத்தம் கூட இல்லை. சாரதிகள் இறங்கி, தலையில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சிலர் பிள்ளையைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்துக் கொஞ்சத் தூரம் நடந்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

அடுத்த கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க் கூட்டம் நடந்தது. ஆண்கள் மண்டபத்தில் இருக்க, பெண்களுக்குப் பக்கத்து வகுப்பறையை ஒதுக்கியிருந்தார்கள். இடைச்சுவர் கூரை வரை எழும்பாதது. கதைப்பதெல்லாம் அப்படியே கேட்கும். நான் கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அடுத்த வீட்டு ராத்தா எனக்குப் பக்கத்தில் இருந்தா.

தரிப்பிடத்தைச் சந்தைக்கு அந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்றார் தலைமை ஆசிரியர். ரோட்டின் குறுக்கே ஒரு மேடு போடலாம் என்றார் இன்னொருவர். ரோட்டு ஊருக்குச் சொந்தமில்லை, அதில் ஒரு சட்டி மண் போடுவதற்கும் மேலிடத்தில் உத்தரவு எடுக்க வேண்டும் என்று சபைக்காரர் சொன்னார். பிள்ளைகளுக்காகக் காலையில் ஒரு அரசாங்க பஸ் கேட்டால் என்ன என்றது ஒரு குரல். கேட்டாயிற்று, ஓடுகிற பஸ்ஸுக்கே காசு ஒதுக்கவில்லை, வேன் ஓடுகிற ரோட்டுக்கு இனி யார் பஸ் தரப்போகிறார்கள் என்று பதில் வந்தது.

அப்போது என் கணவரின் குரல் கேட்டது. "வேனை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனம் இல்ல. வேன் இல்லாத காலத்துல நாங்க வேலைக்குப் போன பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியைக் கொண்டுபோக ஏலாம இருந்தம். பஸ்ஸும் வேணும், வேனும் வேணும். எல்லாரும் சேர்ந்து மேலிடத்துக்கு எழுதுவம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அவர் மாதம் முடியக் கொண்டுவந்து தருவது, நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதால் வருவது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, அவர் நம்முடைய பிள்ளையைப் பற்றி ஒரு சொல் சொல்லமாட்டாரா என்று காத்திருந்தேன்.

தேத்தண்ணிக் கடைக்காரர் எழும்பி, தரிப்பிடம் மாறினால் தன் வியாபாரம் படுத்துவிடும் என்றார். ராத்தா சுவரைப் பார்த்து உரத்துச் சொன்னா:

"பாவம் மனிசன். தேத்தண்ணி ஆறிப் போயிடும் எண்டு பயப்படுறார்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதுவோம் என்று முடித்தார்கள். எழுதினார்கள். பதில் வரவில்லை.

நான் ஒவ்வொரு நாளும் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்து, முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தேன். என் கைப்பிடி நோகுது என்று அவள் சொல்லுவாள். ரோட்டு நடுவில் பயந்து நிற்கிற நான்தான் அவளுக்கு ஆபத்தோ என்றும் சில நாள் நினைத்திருக்கிறேன்.

மாசி கழிய வேளாண்மை வெட்டு தொடங்கியது. களத்தில் சூடடித்துப் பிரித்த நெல் வண்டிகளில் வந்து மெயின் ரோட்டில் இறங்கியது. எங்கள் பக்கம் அது எப்போதும் உள்ளதுதான். தார் ரோட்டுச் சூட்டில் நெல் சுறுக்காகக் காயும். ரோட்டில் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல் வரிசையாக வைத்துவிடுவார்கள். அந்த வருடம் எங்கள் வாசல் முழுக்க, கடல் பக்கத்துப் பாதி ரோட்டு நெல்லாகக் கிடந்தது.

அப்போதுதான் பார்த்தேன். மிஞ்சியது ஒரு வாகனம் போகிற அகலம் மட்டும். பள்ளிக்கூட வாசலில் ஒரு வேன் நின்றால், பின்னால் வருகிற வேன் முந்த முடியாமல் நிற்கிறது. எதிரே வருகிறவனும் வழி விட்டு நிற்கிறான். எல்லோரும் ஹோர்ன் அடிக்கிறார்கள், ஏசுகிறார்கள், ஆனால் நிற்கிறார்கள். என் மகள் நெல்லின் ஓரத்தால் பாதி ரோட்டை நடந்து, கல் வரிசையில் நின்று பார்த்து, அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஒரு நாள் ஒரு வேனின் சில்லு ஓர நெல்லில் ஏறிவிட்டது. கொண்டக்டர் ஓடும்போதே குதித்து, சிதறிய நெல்லைக் கையால் கூட்டி உள்ளே தள்ளிவிட்டு, பிறகு ஓடிப்போய் ஏறினான். நெல்லில் ஏற்றக்கூடாது என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கத் தேவையில்லை. அவனும் எங்களைப் போலச் சோறு தின்று வளர்ந்தவன். நான் வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெசவுத்தறி வீட்டுப் பிள்ளையின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

காய்ந்த நெல்லைச் சாக்கில் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். ரோட்டு மீண்டும் அகலமாகியது. வேன்கள் பழையபடி பறந்தன.

சாப்பாட்டுக்கு நெல்லை ஊறவைத்து அவிப்பது எங்கள் வீடுகளில் பெண்களின் வேலை. அவித்த நெல்லை வளவுக்குள் பாயில் காயப் போடுவோம். நான் அந்தமுறை அவித்த நெல்லைக் கடகத்தில் எடுத்துப்போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்கு முன்னால், ரோட்டில் கொட்டிப் பரப்பிக் கல் வைத்தேன். ராத்தா வேலியால் எட்டிப் பார்த்தா.

"என்ன புள்ள, வளவு காணாதா?"

"ரோட்டுல சுறுக்கா காயும், ராத்தா."

என் முகத்தைப் பார்த்தா. நாளைக்கு என்ட நெல்லையும் அவிக்கிறன் என்றா.

அப்படியே அந்த வரிசையில் இருந்த வீடுகள் முறை வைத்துக்கொண்டன. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. வேன்காரர்களுக்குக் கோபம் வந்தது. ஒரு கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினான்:

"ராத்தா, போகம் முடிஞ்சும் இஞ்ச நெல்லா? ஒங்கட வளவுக்க போடுங்களன்!"

"வளவுல கோழி கொத்துது, மனே," என்றா ராத்தா. "ரோட்டுல எண்டா நீங்க மட்டும்தானே!"

வேனுக்குள் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிழையான காரியம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேனோ என்ற எண்ணம் மனதைவிட்டுப் போகவில்லை.

நான் பயந்தது ஒரு நாள் நடந்தும் விட்டது. கடற்கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர், கல்லுக்கு வெளியே சிதறிக் கிடந்த நெல்லில் சறுக்கி விழுந்தார். பெட்டி கவிழ்ந்து மீன் தாரில் சிதறியது. நான் தண்ணீரோடு ஓடினேன். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரோட்டு என்ன ஒங்கட வாப்பாட வளவா?"

நான் குனிந்து மீனைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டேன். கை முறிந்து, பரியாரியிடம் கட்டுப் போட்டார். அன்று பின்னேரம் என் கணவர் எல்லாவற்றையும் கேட்டார்.

"படிச்ச பொம்புள நீ. ஒரு புள்ளையக் காப்பாத்துற எண்டு இன்னொருத்தன விழுத்துற சரியா?"

"சரியில்லதான்," என்றேன். "வேற என்னத்தச் செய்யிற, சொல்லுங்க."

"கையப் பிடிச்சிக் கூட்டிப் போ. ஊர்ல உள்ள தாய்மாரெல்லாம் அப்பிடித்தானே செய்றாங்க."

நெல் போடுவதை நிறுத்தினோம். கல்லையெல்லாம் நானே பொறுக்கி வேலியோரம் அடுக்கினேன். பழையபடி கையைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காக எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் நேரத்தோடு விடும். என் கணவருக்கும் அங்கே நேரத்தோடு விடுப்புக் கொடுப்பார்கள். தொழுகைக்கு முன் ஊருக்குள் வந்துவிட வேண்டும் என்று வேன்கள் அந்த நேரத்தில் இன்னும் மோசமாக ஓடும். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்துவிட்டு நான் வாசலுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் ஒரு வேன் நின்றது. அதன் முன்னால் வெள்ளைச் சட்டைகள் கூட்டமாக வெளியே வந்தன. முந்திக்கொண்டு இன்னொரு வேன் வந்தது. ஹோர்ன் சத்தமும், அதற்கு மேலாக ஒரு மனிதன் கத்துகிற சத்தமும் கேட்டன. பிரேக் பிடித்து வேன் சரிந்துபோய் நின்றது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. என் மகள் செருப்பு ஒன்றை ரோட்டில் விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். வேனின் முன் கதவு திறந்தது. என் கணவர் இறங்கினார். குடையை வேனிலேயே விட்டுவிட்டார். ரோட்டில் கிடந்த செருப்பை எடுத்துக்கொண்டு வந்து, மகளின் காலில் போடக் குனிந்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

"முன் சீட்டுல நான்தான் இருந்தன்," என்றார். "புள்ள நிக்கிறத அவன் கண்டவன். கண்டும் ஹோர்னத்தான் அடிச்சான். நான் கத்தினதாலதான் நிப்பாட்டினவன்."

அவர் குளித்து ஜும்ஆவுக்குப் போனார். திரும்பி வரப் பின்னேரமாகியது. தலைமை ஆசிரியரும் பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்மாரும் தேத்தண்ணிக் கடைக்காரரும் அங்கேயே அவரோடு இருந்து கதைத்தார்கள் என்று பிறகு அறிந்தேன். பொதுவாகக் கூட்டங்களில் நிதானமாகக் கதைக்கிற மனிதர், அன்று, "நெல் போட்டது என்ட வீடுதான், திரும்பவும் போடுவம்" என்று சொன்னாராம். வரும்போது தோளில் ஒரு புதிய படங்கு வைத்திருந்தார், சூடடிக்கிற களத்தில் விரிக்கிற கன்வஸ் படங்கு. அதை முற்றத்தில் இறக்கிவிட்டு, "இதுல போட்டா நெல் சிதறாது," என்றார். மீன்காரரின் வீட்டுக்கும் போய்விட்டுத்தான் வந்திருந்தார். அங்கே என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவரே கல்லுக்குச் சுண்ணாம்பு பூசினார். திங்கட்கிழமை விடிய, படங்கின் ஒரு பக்கத்தை நான் பிடிக்க, மறுபக்கத்தை அவர் பிடித்து ரோட்டில் விரித்தோம். அவர் ஏற வேண்டிய வேனும் அந்தப் படங்கால்தான் பிந்தியது.

அரசாங்க பஸ் வரவில்லை. ரோட்டின் குறுக்கே மேடும் வரவில்லை. ஆனால் படங்குக்குப் பின்னால் காத்து நின்று அலுத்துப்போன வேன்காரர்கள், நோன்புக்கு முன்னர் தரிப்பிடத்தைச் சந்தைக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் கடையையும் அங்கேயே மாற்றிக்கொண்டார், மனமில்லாமல்தான். பள்ளிக்கூட வாசல் வெறுமையாகியது. இனி நெல் தேவையில்லை என்று படங்கைச் சுருட்டி வைத்தோம்.

நெல் இல்லாத ரோட்டில் மகளை முதல்முறை தனியாக விட்ட காலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. "உம்மா, நீங்க வாசல்லயே நில்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போய் ரோட்டு ஓரத்தில் நின்றாள். கல்முனை வேன் ஒன்று வேகமாக வந்தது. எங்கள் வாசலை நெருங்கியதும் அது வேகம் குறைத்தது. சாரதி தலையை நீட்டிப் பார்த்தான். அவன் பார்த்தது என் மகளை அல்ல. நெல் கிடக்கும் பாதி ரோட்டைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அதற்குள் மகள் கடந்துவிட்டாள். அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டினாள். நானும் காட்டினேன்.

வேன் போன பிறகும் வாசலிலேயே நின்றேன். அவன் பழக்கத்தில் குறைத்தான். கொஞ்ச நாளில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். அல்லது இந்த ரோட்டைத் தெரியாத புதிய சாரதி ஒருவன் வருவான். தேவையில்லாத பயம் என்று என் கணவர் சொல்லக்கூடும். சொல்லாமலும் விடக்கூடும்.

அன்று பின்னேரம், மறுநாள் அவித்துப் படங்கில் பரப்ப, கிடாரத்தில் நெல்லை ஊறப் போட்டேன்.