பொடி ஆசையை வேடிக்கை பார்த்த கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கன்டோன்மென்ட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். என் மூளை மூக்கின் வழியாகத்தான் வேலை செய்கிறது என்று மனமார நம்பிய காலம் அது. ஒரு சிட்டிகை மூக்குப்பொடி ஏறாமல் பேனா ஓடாது. காக்ஸ் டவுன் வீட்டில் என் கைக்குட்டைகளைத் துவைத்த மனைவிக்கு அந்த மூளையின்மேல் அவ்வளவு மரியாதை இல்லை.

ஒருநாள், துரை கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தின்மேல் தும்மிவிட்டேன். துரை காகிதத்தை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டையும் ஒரே குப்பைக்கூடையில் போடலாமா என்று யோசிப்பவர் போலிருந்தது.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக் கம்பவுண்டரிடம் மருந்து கேட்டேன். அவர் ஒரு காலத்தில் பீடியிலேயே உயிர் வாழ்ந்தவர்.

"மருந்தெல்லாம் இல்ல சார். பொடி வேணும்னு தோணறப்ப டப்பியத் தொடாதீங்க. அந்த ஆசை உடம்புல எங்க இருக்கு, என்னா செய்யுதுன்னு சும்மா பாருங்க."

"பார்த்தா?"

"ஏறும், இறங்கும். அதோட சண்டை மட்டும் போடாதீங்க."

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கலர் தண்ணீராவது கொடுப்பவர், எனக்கு அதுவும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பிரசங்கம் நடந்ததால் எனக்கு வேறு வேலை இல்லை. பார்த்தேன். ஆசை மூக்கிலேயே இல்லை! கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தாமாகவே உரசிக்கொண்டிருந்தன. தொண்டை வறண்டது. நெஞ்சில் ஓர் அவசரம். பாதிரி ஐயர் ஐந்தாவது பாவத்துக்கு வரும்போது அது உச்சிக்கு ஏறியது, ஆறாவதற்குள் அடங்கிவிட்டது. பதினைந்து வருஷம் என்னை ஆட்டிப்படைத்த எஜமானால் ஒரு பிரசங்கத்தைத் தாங்க முடியவில்லை.

அலுவலகத்தில் பார்த்தபோதுதான் சங்கடம். ஹெட்கிளார்க் கூப்பிடும்போதெல்லாம் விரல்கள் உரசின. மூளைக்குத் தீனி என்று நான் பெருமையாகச் சொல்லிவந்தது வெறும் பயம். அந்த அவமானம் தாங்காமல் அன்று இரண்டு சிட்டிகை கூடுதலாகப் போட்டேன். மறுநாள் மறுபடி பார்த்தேன். மழைக்காலம் முடிவதற்குள் பொடி நின்றுவிட்டது. ஹெட்கிளார்க்கைக் கண்டால் வரும் பயம் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் அது வருவதும் போவதும் எனக்குத் தெரிந்தது.

அதன்பின் வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, ஆசையை எப்படிக் கவனிப்பது என்று விளக்கத் தொடங்கினேன். வருகிறவர்கள் குறைந்தார்கள்.

"ஏங்க, பொடி போட்டப்ப தும்முறதுக்காவது பேச்சை நிறுத்துவீங்க. இப்ப அதுவும் இல்ல" என்றாள் மனைவி.

பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசை தொண்டையில் முட்டியது. அதைக் கவனித்தேன். ஏறியது, இன்னும் ஏறியது. இறங்குவதற்குள் பேசிவிட்டேன்.