மீதி இருந்த இரண்டு லிட்டர்

சின்னக்கண்ணு மாமாவைக் கஞ்சன் என்று முதலில் சொன்னவன் நான்தான். என் அக்கா அமிர்தத்தைக் கட்டிக்கொண்டு மலைமேல் கரியாலூரில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். மலையிலிருந்து கச்சிராயபாளையம் சந்தைக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போவார். மற்ற டிரைவர்கள் நாலு லிட்டர் ஊற்றும் தூரத்தை மூன்றில் முடிப்பார். ஆக்சிலேட்டரில் கால் வைத்திருக்கிறாரா என்றே சந்தேகம் வரும். ஆள் ஏறும்வரை எஞ்சினைச் சும்மா ஓடவிட மாட்டார். டயரில் காற்று குறைந்தால் அவருக்குச் சோறு இறங்காது. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிறவர்களைக் கண்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அது டீசல மிச்சம் பண்றதில்லடா, உசுர அடமானம் வெக்கிறது. கியர்லயே வுட்டு கால எடுத்துடு, வண்டி தானா எறங்கும்" என்பார்.

அப்படி மிச்சம் பிடித்துத்தான் கூரையை மாற்றி ஓடு போட்டார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அக்கா முழுகாமல் இருந்தாள். அதற்கப்புறம் மாமா இன்னும் இறுக்கிப் பிடித்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். நானும் போனேன். கேட்டது தப்பென்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். முதல் நாளே மலையடிவார ரோட்டில் ஒரு புளியமரத்தை அறுத்துக் குறுக்கே சாய்த்தோம். ரம்பத்தின் ஒரு முனையை இழுத்தவன் நான். போலீஸ் தேடுகிறது என்றதும் காட்டுப் பாதையில் ஏறி அக்கா வீட்டில் ஒளிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அக்காவுக்கு உதிரம் போகத் தொடங்கியது. அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். பஸ் இல்லை, பெட்ரோல் பங்க் எல்லாம் மூடல். ஜீப்பில் ஏழு லிட்டர் டீசல் இருந்தது. பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்து, தலையை என் மடியில் ஏந்திக்கொண்டேன். மாமா எப்போதும் போலவே ஓட்டினார்.

"அழுத்துங்க மாமா!"

"வளைவுடா. அவளுக்குக் குலுங்கும்."

மலை இறங்கியதும் மரம் கிடந்தது. நாங்கள் அறுத்த மரம். போலீஸ் விரட்டியதில் அங்கே ஒரு ஆள்கூட இல்லை. மாமா இறங்கித் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. "எந்தப் பாவிடா இத சாச்சான்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஜீப்பைத் திருப்பி ஏரிக்கரை வண்டிப் பாதையில் விட்டார். முழங்கால் அளவு சேறு. ஒரு மணி நேரம் போயிற்று. அக்கா என் முகத்தைப் பார்த்து "பகலவா, தண்ணி" என்றாள். பிறகு அதுவும் கேட்கவில்லை.

தார் ரோட்டில் ஏறிய பிறகும் மாமா வேகம் எடுக்கவில்லை. எனக்கு வெறி பிடித்துவிட்டது.

"அவ செத்துக்கினு இருக்கா, நீ டீசலுக்குப் பாக்குற! இன்னா மனுசன் நீ?"

"இன்னும் எத்தினி எடத்துல சுத்தணுமோ தெரியல. நடுவழியில நின்னுட்டா இன்னாடா பண்றது? அவளத் திரும்ப வூட்டுக்குக் கூட்டியாரணும்லடா" என்றார்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியே வந்து கையை விரித்தார். "குழந்தையும் போயிடுச்சுங்க. ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா ஏதாச்சும் பார்த்திருக்கலாம்." நான் மாமாவின் சட்டையைப் பிடித்து எல்லார் முன்னாலும் அறைந்தேன். அவர் தடுக்கவில்லை.

சாயங்காலம் அதே ஜீப்பில் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். புளியமரத்தருகே இப்போது ஆட்கள் இருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் கூடி இழுத்து வழிவிட்டார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வீட்டு வாசலில் அழுகை கிளம்பியது. மாமா உள்ளே போகவில்லை. டீசல் டாங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். ஈரம் ஏறியிருந்த இடத்தை விரலால் தொட்டார்.

"ரெண்டு லிட்டர் மீதி இருக்குடா பகலவா. அழுத்தியிருக்கலாம்டா. நாந்தாண்டா அவளக் கொன்னுட்டேன்." அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அவர் மெல்ல ஓட்டியதில் பத்து நிமிஷம் போயிருக்கும். மரத்தால் போனது ஒரு மணி நேரம். அதை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தெருவே கூடி நின்றது. பயந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அதற்கப்புறம் இருபது வருஷம் ஊர் அவரை, பெண்டாட்டியைவிட டீசலைப் பெரிதாக நினைத்தவன் என்றது. அவர் மறுத்துப் பேசவில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. சாகிறவரை, பார்க்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கி நீ சொன்னதக் கேக்காம வுட்டுட்டேன்டா, மன்னிச்சுக்கடா" என்பார். நானும் பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி, "வுடுங்க மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.