என் காலுக்கு வந்த புதுத் தோல்

போன தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது எண்ணெய்ச் சட்டி சரிந்து, என் இடது கால் தொடையிலிருந்து கணுக்கால் வரை வெந்துபோனது. அந்த வலி போதாதென்று, பார்க்க வந்தவர்களோடு பட்ட பாடு வேறு. ஒருவர் கற்றாழை, ஒருவர் தேங்காயெண்ணெய், ஒருவர் ‘ஸ்டெம் செல்’ என்று எழுதிய முகக் கிரீம். வேண்டாமென்று சொல்ல எனக்குக் கூச்சம். தலையை ஆட்டி ஆட்டியே கழுத்து வலித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை, செங்காங் பேட்டையில் தனியாகக் குடியிருக்கும் என் மகன்தான் வந்து விளக்கினான். “உங்க தோலைக் கொஞ்சம் எடுத்து, அதுல புதுத் தோலா வளரக்கூடிய ஸ்டெம் செல்லை லேப்ல வளர்த்து, திரும்ப உங்க கால்லயே வைப்பாங்கம்மா. ஒட்டுற வரைக்கும் யாரும் தொடக் கூடாது லா.”

வாரக்கணக்கில் காத்திருந்தபின் வெங்காயச் சருகு போல ஒரு தோல் வந்தது. வைத்துக் கட்டினார்கள்.

மறுநாளே என் வீட்டுக்காரரின் அக்கா கோயிலிலிருந்து நேராக வந்தார். தாதி அந்தப் பக்கம் திரும்பியதும் கட்டின் ஓரத்தைத் தூக்கி விபூதியும் மஞ்சளும் திணித்தார். அம்மன் பிரசாதத்தை எப்படி வேண்டாம் என்பது? வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். சீழ் பிடித்துத் தோல் முழுதும் போயிற்று. மறுபடி வளர்க்கிறோம், இதுவும் போனால் முட்டி மடங்கினபடியே இறுகிவிடும் என்றார் டாக்டர்.

அன்றைக்கு அம்மனோடு சண்டையே போட்டேன். “உன் பேரைச் சொல்லித்தானே உள்ளே வருகிறார்கள்? நீயே தடுக்கக் கூடாதா? எனக்குத்தான் வாய் இல்லையே!” அழுகையைவிட எரிச்சல்தான் அதிகம்.

இரண்டாம் தோல் வைத்தார்கள். அக்கா அதே விபூதிப் பொட்டலத்தோடு வந்தார்.

“ஏன் புள்ள, டாக்டரை நம்புற, ஆத்தாவை நம்ப மாட்டியா?” அவர் கை என் கால் கட்டை நோக்கிப் போனது.

“ஆத்தாவை நம்புறேன்க்கா. உங்க விரலைத்தான் நம்பல. நெத்தியில வைங்க, போதும்!”

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம். “அட, இவளுக்குப் பேசக்கூட வருமா!” என்று முனகிக்கொண்டே அக்கா நெற்றியில் பூசினார்.

தோல் ஒட்டிக்கொண்டது. இன்னும் அரிக்கிறது, வெயில் ஆகாது. ஆனால் முட்டியை நீட்ட முடிகிறது. போன வெள்ளிக்கிழமை சிராங்கூன் ரோட்டில் கோயில் வரை நானே நடந்தேன். அக்காதான் கூட வந்தார், வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே.

சகோதரிகளே, நீங்களும் அம்மனிடம் கேளுங்கள். பணிவாகத்தான் கேட்க வேண்டுமென்று இல்லை. கோபமாகக் கேட்டாலும் அவள் காது கொடுக்கிறாள்; எனக்கு வாயையும் கொடுத்தாள்.