மரத்தூளைப் பற்றி நான் சொன்ன பொய்

என் வீட்டுக்காரருக்கு வந்தது மூக்குக்குப் பக்கத்து எலும்புக் குழியில் வரும் புற்று. அபூர்வமாகத்தான் வரும் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் இறந்து மூன்று மாதம் கழித்து, இந்த நோயை ஆராய்கிற தமிழ்ப் பெண்ணொருத்தி கேள்வித்தாளோடு புந்தோங்கிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அங்கிள் சிகரெட் குடிப்பாங்களா, ஆண்ட்டி?"

"இல்லம்மா."

"தண்ணி?"

"கோயிலுக்கு மால போட்டதிலேர்ந்து தொட்டதில்ல."

"மரத்தூள் பறக்கிற எடத்துல வேலை செஞ்சாங்களா?"

பக்கத்தில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். "இல்ல. தோட்டத்துல ரப்பர் மரத்துல பால் வெட்டினாரு. அப்புறம் லோரியில போனாரு," என்றேன். அவர் லோரியில் ஏறியதே கிடையாது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரப்பர்த் தோட்டத்தை விற்று எங்களை வெளியே அனுப்பியபோது, அண்ணனிடம் போய் அழுதவள் நான். அவர் மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் மேஸ்திரி. அங்கே என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தால் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டேன். கிடைத்தது. எடுத்தேன். பதினோரு வருஷம் அவர் பலகை தேய்த்தார். சாயந்திரம் புருவமெல்லாம் தூளாக வருவார்.

"என்ன மச்சான், மாப்பிள்ள மாதிரி பவுடர் போட்டிருக்கீங்க லா," என்பார் அண்ணன்.

"ஒங்க தங்கச்சிக்கு இன்னொரு தாலி கட்டலாம்னுதான்."

நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பெண் வந்துபோனதிலிருந்து, விளக்கேற்றும் நேரத்தில் குசினியில் அடுப்புப் பக்கம் அவர் தும்முவது கேட்கும். மூன்று தும்மல். போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. திருநீற்றை எடுத்தால் மரவாசனை அடிக்கும். சாமி நான் கேட்டதைத்தான் கொடுத்தார். அவரை என்னவென்று கேட்பது? அந்தப் பெண்ணும் கூட ஆராய்கிறவர்களும் என் பொய்யை வைத்துக்கொண்டு, இல்லாத இடத்தில் என் வீட்டுக்காரருடைய நோயைத் தேடிக்கொண்டிருப்பார்களே என்று நினைத்தால் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட வந்திருந்தார். அவர் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"எதுக்கு தங்கச்சி இப்ப? நான்தான் கொண்டுபோய்ச் சாகடிச்சேன்னு அவங்க எழுதிக்கவா?"

"சேத்துவிடச் சொன்னது நான்தாண்ணே."

அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பட்டறையைப் பற்றிச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"எத்தன வருஷம், ஆண்ட்டி?"

"பதினொன்னு."

"மூக்க மூடிக்க ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"கைக்குட்ட கட்டிக்குவாரு. நான்தான் தொவைப்பேன்."

அதையும் எழுதினாள் போலும்.

"அங்க இன்னும் வேலை செய்றவங்க யாராச்சும் தெரியுமா? அவங்களையும் டாக்டர்கிட்ட காட்டுனா நல்லது."

அண்ணன் சோற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்தார். அந்தப் பட்டறையில் அவருக்கு இருபத்தாறு வருஷம்.

"இருக்காங்கம்மா," என்று சொல்லிப் போனை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நானும் கையை இறக்கவில்லை.