தேங்காயெண்ணெய் பூசிய தூண்டில்

பிள்ளைகள், தேங்காயெண்ணெய் குளிருக்கு உறைந்துபோகும் என்பது எங்கள் ஆட்களில் தெரியாதவர் இல்லை. டொரொண்டோவில் தை மாதம் தலைக்கு எண்ணெய் வைப்பதென்றால் போத்தலைச் சுடுதண்ணீருக்குள் வைத்து உருக்கவேண்டும். என் சித்தப்பாவுக்கும் அது நன்றாகத் தெரியும். தெரிந்த மனிதர்தான் ஒரு நாள் அதே எண்ணெயைத் தூண்டில் கம்பில் பூசினார். சிரிக்கவேண்டிய இடம் வந்தால் சிரியுங்கள். எனக்கு மட்டும் இன்றுவரை அதில் சிரிப்பு வருவதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. ரெக்ஸ்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். எனக்கு ஒரு தங்கச்சி, நாள் வருமுன்னமே பிறந்து, ஆசுபத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். நான் அவளைப் பார்த்ததெல்லாம் அப்பாவின் போனில் ஒரு படம்தான். அதில் முகத்தைவிடக் குழாய்கள்தான் கூடுதலாகத் தெரிந்தன. அம்மா ஒவ்வொரு நாளும் ஆசுபத்திரிக்குப் போய் வந்தார். அவருக்குப் பால் சுரக்கவில்லை என்பதே வீட்டில் பெரிய கதையாக இருந்தது.

மார்க்கம் நகரிலிருந்து பெரியம்மா வந்து நின்று பத்தியக் கறி வைத்துக்கொடுத்தார். பிள்ளை பெற்றவர்களுக்கு மல்லியும் மிளகும் மஞ்சளும் அரைத்து, மீன் போட்டு வைக்கும் கறி. கடையில் வாங்கிவந்த மீனை வெட்டும்போதெல்லாம் பெரியம்மா முணுமுணுப்பார்: “உது எப்ப செத்த மீனோ. உயிர்மீன் போட்டால் எப்பவோ பால் வந்திருக்கும்.”

பெரியவர்கள் வாய்க்கு வந்தபடி சொல்வதைச் சின்னப் பிள்ளைகள் சட்டமாக எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். உயிர்மீன் வந்தால் பால் வரும், பால் வந்தால் தங்கச்சி வீட்டுக்கு வருவாள். அவ்வளவுதான் கணக்கு.

மீனுக்கு எங்கள் குடும்பத்தில் இருந்தவர் ஒருவர்தான். சித்தப்பா. அப்பாவின் தம்பி. வேலையிடத்துச் சிநேகிதர்களோடு சேர்ந்து, பனி கொட்டும் மாரியிலும் ஹம்பர் ஆற்றில் தூண்டில் போடப் பழகியவர். ஆனால் ஒரு மீனாவது வீட்டுக்குக் கொண்டுவந்ததை ஒருவரும் கண்டதில்லை. “உவன் ஆத்துக்குத் தீன் வைக்கப் போறான்” என்று அப்பா பகிடி பண்ணுவார். சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவரிடம்தான் நான் ஆக்கினை கொடுத்தேன். எப்ப போவம், எப்ப போவம் என்று. குளிர் குறையட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு, அந்த மாரியிலேயே பொல்லாத குளிர் விழுந்த ஒரு காலையில், அவராகவே வந்து நின்றார்.

“வெளிக்கிடடா. ஆத்துக்குப் போவம்.”

அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டுச் சோபாவில் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. பெரியம்மா எனக்குத் தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டு, கையை எடுக்காமல் கனநேரம் என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உயிர்மீன் கொண்டுவருகிறேன் என்று அவருக்கு நான் சொன்னேன்.

ஆற்றின் இரண்டு கரையும் ஐஸ் கட்டியிருந்தது. நடுவில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. தூண்டில் கம்பு நெடுகச் சின்னச் சின்ன வளையங்கள் இருக்கும், நூல் அவற்றுக்குள்ளால்தான் ஓடும். குளிரில் நூலைச் சுற்றி இழுக்க, நூலோடு வருகிற தண்ணீர் வளையத்தில் தங்கி உறைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஓட்டை அடைபடும். அப்போது மீன் பிடித்து இழுத்தால் நூல் ஓட வழியில்லாமல் அறுந்துபோகும். அதற்காகச் சித்தப்பா உதட்டுக்குப் பூசுகிற பசையை வளையங்களில் தடவுவது வழக்கம். அன்றைக்கு அதை மறந்துவிட்டார். சட்டைப் பையைத் தடவி, தோல் வெடிப்புக்குப் பூச எப்போதும் கொண்டுதிரிகிற ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். உடம்புச் சூட்டில் தேங்காயெண்ணெய் தண்ணியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வளையமாக, வலு கவனமாகப் பூசினார்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அது வெள்ளை வெளேரென்று மெழுகுபோல இறுகியது. ஐஸ் அடைக்க முன்னமே எண்ணெய் அடைத்துவிட்டது.

வேறு நாளென்றால் தன்னைத் தானே பகிடி பண்ணிச் சிரித்திருப்பார். அன்றைக்கு அந்த வளையங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “எனக்கு மண்டை வேலை செய்யேல்லையடா” என்றார்.

அதற்குப் பிறகு வளையங்கள் என் பொறுப்பு. நான் கையுறையைக் கழற்றி, நகத்தால் எண்ணெயைத் தோண்டினேன். ஐஸைக் கிள்ளினேன். ஊதினேன். ஊதிப் பார்த்துச் சரிவராமல், ஒரு வளையத்தை வாய்க்குள் வைத்தேன். உதடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுக்கத் தோல் போய் இரத்தம் வந்தது. நீங்கள் ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். சித்தப்பா பதறிப்போய்க் கம்பின் நுனியை ஆற்றுக்குள் அமிழ்த்திக் காட்டினார். ஓடுகிற தண்ணீர் ஐஸைவிடச் சூடு, அதிலே கரையும் என்றார். பிறகு நானே அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்தேன். விரல்கள் என்னுடையவை போல இல்லை. போவமோ என்று அவர் கேட்கக் கேட்க, நான் மாட்டேன் என்றேன். தங்கச்சியின் பால் அந்த வளையங்களுக்குள்ளால்தான் வரவேண்டும் என்று நின்றேன்.

மீன் பிடித்தது. வளையம் எல்லாம் திறந்திருந்தபடியால் நூல் சர்ரென்று ஓடியது. சித்தப்பா விட்டு விட்டு இழுத்தார். கடைசியில் கரையோரத் தண்ணீருக்குள் வந்து கிடந்தது ஒரு ட்ரவுட் மீன், என் கை நீளம். விலாவில் ரோசா நிறக் கோடு. செவுள் அடித்துக்கொண்டிருந்தது. உயிர்மீன்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பாவின் போன் அடித்தது. ஒரு கையால் மீனைத் தண்ணீரில் பிடித்தபடி மற்றக் கையால் எடுத்தார்.

“முடிஞ்சுதோ அண்ணை?” என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஓம். கூட்டிக்கொண்டு வாறன்.”

போனைப் பைக்குள் வைத்தார். மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றினார். பிறகு கையை விரித்தார். மீன் ஒருகணம் அங்கேயே நின்றது, பிறகு போய்விட்டது.

“சித்தப்பா, உது அம்மாவின்ரை மீன்.”

“சின்னன் ராசா” என்றார். “அது வளரட்டும்.”

வழி நெடுக அவர் பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டேன்.

நீங்கள் அறியவேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். தங்கச்சி அதற்கு முதல் நாளே போய்விட்டாள். நாங்கள் ஆற்றில் நின்ற நேரத்தில்தான் அப்பாவும் மற்றவர்களும் அவளைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பச்சைக் குழந்தையை எங்கள் ஆட்கள் எரிப்பதில்லை. சின்னப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவதும் இல்லை. என்னை வெளியே கொண்டுபோகச் சித்தப்பாவைப் பிடித்ததும் யோசித்துத்தான். அவருக்கு மீன் அகப்படாது என்று எல்லாருக்கும் நம்பிக்கை. சாவு விழுந்த வீட்டுக்குள் மீன் கொண்டுபோகக்கூடாது.

இதில் ஒன்றும் அன்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தால் எல்லாரும் தலை முழுகி ஈரத் தலையோடு இருந்தார்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் நேரே அம்மாவின் அறைக்குள் போய், சித்தப்பா மீனை விட்டுவிட்டார் என்று கோள் சொன்னேன். சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்த அம்மா திரும்பினார். அவர் சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. பெரியம்மா துணியொன்றை மடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“இப்ப சுரக்குது” என்றார் பெரியம்மா, ஒருவரையும் பார்க்காமல். “இப்பவெண்டு சுரக்குது.”

எனக்கு அது போதும். ஓடிவந்தேன். வாசலில் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சித்தப்பா தூண்டில் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சூட்டுக்கு வளையங்களில் மிஞ்சியிருந்த எண்ணெய் இளகி, சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுந்தது. கோபத்தையெல்லாம் மறந்து அவர் தோளைப் பிடித்து உலுப்பினேன்.

“சித்தப்பா, இனி மீன் தேவையில்லை. அம்மாவுக்குப் பால் வந்திட்டுது.”

அவர் அந்த எண்ணெய்த் துணியாலேயே முகத்தை மூடிக்கொண்டார். சோபாவில் இருந்த அப்பா எழும்பிப் போய்ப் பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு குளிருக்குள் நின்றார். நல்ல செய்தி கொண்டுவந்த நான், அதைக் கேட்டுச் சந்தோசப்பட ஒரு ஆளைத் தேடிக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தேன்.