ஒரு லோடு சரளை

என் வீட்டுக்காரர் தோட்டம் போட்டுக் கொடுப்பவர். கை சுத்தம், வேலையும் சுத்தம். தம்பி பேச்சு வந்தால் மட்டும் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். என் கொழுந்தனுக்கும் அதே தொழில்தான். அவன் இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு இவ்வளவு கல், இவ்வளவு மண் என்பான்; சரியாக இருக்கும். இவர் டேப்பைப் பிடித்து மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போடுவார். அதுவும் சரியாகத்தான் இருக்கும். பேர் வாங்குவது என்னவோ அவன்தான். எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்? மாமியார் வாயைத் திறந்தாலே சின்னவன் புராணம்.

பல் டாக்டர் அம்மா ஒருவர் தன் கிளினிக் முன்பக்கத்தில் சரளைக்கல் பரப்பச் சொன்னார். அது பிடித்துப்போனால் பின்பக்கத் தோட்டமும், வருஷம் முழுக்கப் பராமரிப்பும் இவருக்கே. நிலையான வேலையை நாங்கள் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

நீளம், அகலம், கனம் எல்லாம் அளந்து ஒரு லோடு போதும் என்று இவர் முடிவு பண்ணியிருந்தார். நான் சாப்பாடு கொண்டுபோன நேரத்தில் கொழுந்தன் அந்தப் பக்கமாக வந்தான். குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்தான்.

"அண்ணா, மண்ணு இளக்கமா இருக்கு, கல்லை முழுங்கும். கால் லோடு சேத்துச் சொல்லு."

இவருக்குச் சுருக்கென்றது. அவன் தலை மறைந்ததும் என்னிடம் பொரிந்து தள்ளினார்: கல் மிஞ்சி வாசலில் குவிந்து கிடக்க வேண்டும், அதைப் பார்த்து நாலு பேர் சிரிக்க வேண்டும், அதுதான் அவன் ஆசையாம். ஒரு லோடுக்கு மேல் ஒரு சட்டி கூட வேண்டாம் என்று கல் டிப்போவுக்குப் போன் போட்டார். நானும் நன்றாக ஒத்து ஊதினேன்.

கல் வந்தது. பரப்பி இடித்து இறுக்கினார்கள். மண் முழுங்கித்தான் விட்டது. கேட்டை ஒட்டி, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், வெறும் தரை. டிப்போவில் அந்தக் குவியல் தீர்ந்துவிட்டதாம். புதிதாக வந்திருப்பது சாம்பல் நிறம். போட்டிருப்பதோ பழுப்பு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி பல்லிளிக்கும். டாக்டர் அம்மா மறுநாள் காலையில் பார்க்க வருகிறார். இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கொழுந்தன் சின்ன வண்டியில் மூட்டைகளோடு வந்து இறங்கினான். பிரித்தால் அதே பழுப்பு.

"நீ கேக்கமாட்டேன்னு தெரியும்ணா. அதான் அன்னைக்கே அந்தக் குவியல்லேர்ந்து கால் லோடு எடுத்து வச்சிட்டேன்."

குத்திக் காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அவனே சட்டியில் அள்ளிப் பரப்பவும் ஆரம்பித்துவிட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டர் அம்மாவுக்குப் பிடித்துப்போனது. பின்பக்க வேலையையும் பராமரிப்பையும் இவருக்கே கொடுத்துவிட்டார். கேட் பக்கம் ரொம்ப நேர்த்தி என்று வேறு சொன்னாராம்.

அன்றைக்கு இவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வெறுமனே பிசைந்துகொண்டிருந்தார்.

"நான் கேக்கமாட்டேன்னு அவனுக்கு எப்படிடீ தெரிஞ்சுது?"

மண்ணோடு சேர்த்து உங்களையும் அளந்துவிட்டான் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்படி அளந்தவன், பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்ற என்னை மட்டும் விட்டிருப்பானா?